டைப்-சி சார்ஜர் வாங்குகிறீர்களா? முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

சார்ஜர் பெட்டியின் முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் விளம்பரம். மின்னல் படம், ‘டர்போ’, ‘சூப்பர் ஃபாஸ்ட்’, ‘65 வாட்’ என்று கொட்டை எழுத்து. படிக்க வேண்டியது சார்ஜரின் முதுகில் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாலைந்து வரி அச்சிட்டிருப்பார்களே, அதுதான். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போன் கேமராவில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் செல்போன் உதிரிப் பொருள் கடை வைத்திருக்கிறேன். “எந்தப் போனுக்கு?” என்று கேட்டால், “டைப்-சி தாங்க அண்ணாச்சி, எல்லாம் ஒண்ணுதானே” என்பார்கள். ஒன்றாக இருப்பது வாய் மட்டும். 24 பின் கொண்ட அந்த வாயின் வடிவத்துக்குத்தான் டைப்-சி என்று பெயர்; 2014ல் வந்தது. அதன் வழியாக எவ்வளவு கரண்ட் போகும், டேட்டா எந்த வேகத்தில் போகும், ஷாக் அடிக்காமல் இருக்குமா என்பதெல்லாம் தனித்தனி விவகாரம். தனித்தனி ஆட்கள்தான் அதற்குச் சான்று தருகிறார்கள். அதனால் சார்ஜரில் எந்த முத்திரையைப் பார்த்தாலும் ‘இதை யார் கொடுத்தது, எதைப் பார்த்துக் கொடுத்தது’ என்று கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆர் நம்பர்

இந்தியாவில் விற்கிற சார்ஜருக்குச் சட்டப்படி வேண்டியது பி.ஐ.எஸ். பதிவு. இந்திய தர நிர்ணய அமைவனம் தருவது. 2012ல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் மின்னணுப் பொருட்களுக்கு இது வந்தது; பவர் பேங்க் மாதிரி சில பொருட்கள் பின்னால் சேர்ந்தன. சார்ஜரின் முதுகில் ஒரு சிறு சின்னம், அதன் மேலே ஐ.எஸ். 13252 என்று ஒரு தர எண், கீழே ஆங்கில ‘ஆர்’ எழுத்து, ஒரு கோடு, எட்டு இலக்கம். இது ஐ.எஸ்.ஐ. முத்திரை அல்ல. மிக்சிக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் பார்க்கிற அந்த முத்திரையைச் சார்ஜரில் தேடி, இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தர எண் சில பொருட்களில் வேறாக இருக்கலாம். நீங்கள் சரிபார்க்க வேண்டியது அந்த எட்டு இலக்கத்தை.

எப்படிச் சரிபார்ப்பது? ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற ஆப்பைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். காசு இல்லை. அதில் நகைக்கான எச்.யூ.ஐ.டி. என்ற ஹால்மார்க் எண் சரிபார்ப்பு, ஐ.எஸ்.ஐ. உரிமச் சரிபார்ப்பு, ஆர் நம்பர் சரிபார்ப்பு என்று தனித்தனியாக இருக்கும். ஆர் நம்பரைத் தட்டி எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பிராண்டு, பொருள் வகை, பதிவு செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் வரும். கடையில் நின்றபடியே செய்துவிடலாம். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பெட்டியில் ஒரு பிராண்டு, ஆப்பில் வேறொரு கம்பெனி பெயர் வருகிறது; உடனே “டூப்ளிகேட்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. இந்தப் பதிவு தொழிற்சாலைக்குத் தரப்படுவது. ஒரே பிராண்டு நொய்டாவில் ஒரு ஆலையிலும் சீனாவில் ஒரு ஆலையிலும் செய்து வாங்கினால் இரண்டு ஆலைக்கும் தனித்தனி எண். ஆகவே தயாரிப்பாளர் பெயர் வேறாக வருவது இயல்புதான். பார்க்க வேண்டியது, அந்தப் பதிவில் உங்கள் கையிலிருக்கும் பிராண்டின் பெயர் இருக்கிறதா, பொருள் வகை அடாப்டர் என்று இருக்கிறதா என்பது. எண்ணைப் போட்டால் எல்.இ.டி. விளக்கு என்று வருகிறது, அல்லது பதிவே இல்லை என்கிறது என்றால் அந்தச் சார்ஜரை அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். யாரோ ஒருவருடைய எண்ணை எடுத்து அச்சடித்த சரக்கு அது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர் நம்பர் பாதுகாப்புக்கான சான்று. 230 வோல்ட் உள்ளே வரும் பக்கமும் உங்கள் கைக்கு வரும் பக்கமும் சரியாகப் பிரிந்திருக்கிறதா, சூடேறித் தீப்பிடிக்குமா என்பதைச் சோதித்துத் தருவது. போன் வேகமாகச் சார்ஜ் ஆகும் என்று அது சொல்லவில்லை. “பி.ஐ.எஸ். சர்டிபிகேட் இருக்கு, அதான் ஃபாஸ்ட்” என்று யாராவது விற்றால், அவருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.

எடையை வைத்து நல்ல சார்ஜரைக் கண்டுபிடிக்கும் பழைய வழக்கம் இப்போது உதவாது. காலியம் நைட்ரைடு என்ற பொருளில் செய்த சிப் வந்த பிறகு நல்ல சார்ஜரே சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டைப் பின் வைத்த சார்ஜரோடு ஒரு மாற்றுப் பிளக்கைச் சேர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது நம் ஊர் சுவருக்காகச் செய்தது இல்லை. தளர்ந்து தளர்ந்து பொறி பறக்கும்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள்

‘அவுட்புட்’ என்று ஒரு வரி இருக்கும். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று வரிசையாகப் போட்டிருந்தால் அது யூ.எஸ்.பி. பவர் டெலிவரி சார்ஜர், சுருக்கமாக பி.டி. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். கடைசி ஜோடியைப் பெருக்குங்கள்: 65. பெட்டியில் 65 வாட் என்று போட்டுவிட்டு முதுகில் வெறும் ‘5 வோல்ட் 3 ஆம்பியர்’ மட்டும் இருந்தால் கையிலிருப்பது 15 வாட் சார்ஜர். இந்தக் கணக்கு ஒன்றே பாதிப் போலியை வடிகட்டிவிடும்.

“பெரிய சார்ஜர் போட்டா பேட்டரி வெடிச்சிராதா அண்ணாச்சி?” என்று கேட்காத ஆளே இல்லை. வெடிக்காது. ஒழுங்காகச் செய்த டைப்-சி சார்ஜரின் வாயில், ஒரு சாதனம் மாட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும்வரை மின்சாரமே வராது. மாட்டியதும் முதலில் 5 வோல்ட். அதற்கு மேல் வேண்டுமென்றால் போன்தான் கேட்க வேண்டும், கேட்டதுதான் கிடைக்கும். லேப்டாப் சார்ஜரில் இயர்பட்ஸைத் தாராளமாகப் போடலாம்.

இரண்டு வாய் உள்ள சார்ஜரில் ‘65 வாட்’ என்பது பெரும்பாலும் ஒரே வாயில் மாட்டும்போது கிடைப்பது. இரண்டையும் மாட்டினால் 45, 20 என்று பிரிந்துவிடும். அதையும் முதுகில் சி1, சி2 என்று போட்டிருப்பார்கள்.

இனி, பி.பி.எஸ். இது பி.டி.யின் ஒரு கிளை. 9, 15 என்று படிப்படியாகத் தாவாமல், வோல்ட்டை 20 மில்லிவோல்ட் அளவு நுணுக்கமாக ஏற்றி இறக்க முடியும். போன் சூடாகாமல் வேகமாகச் சார்ஜ் ஆக இது உதவும். லேபிளில் ‘3.3–11 வோல்ட்’ என்று ஒரு வீச்சாகப் போட்டிருந்தால் பி.பி.எஸ். இருக்கிறது. சாம்சங் வைத்திருப்பவர்கள் இந்த வரியை விடாமல் தேட வேண்டும். அதன் 25 வாட் வேகம் பி.பி.எஸ். இல்லாமல் வராது. 65 வாட் சார்ஜரை வாங்கிப்போய் “ஸ்லோவா ஏறுது” என்று திரும்பி வருகிறவர்களில் இந்த வகைதான் அதிகம்.

ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்களின் சூப்பர்வூக் என்ற வேகச் சார்ஜ் முறை வேறு பாதை. அதன் 80 வாட் சார்ஜரில் 11 வோல்ட், 7.3 ஆம்பியர் என்று இருக்கும். யூ.எஸ்.பி. தரத்தில் கேபிளுக்கு அனுமதித்த உச்சமே 5 ஆம்பியர்தான். அதனால் இந்தக் கம்பெனிகள் தங்கள் சார்ஜர், தங்கள் கேபிள், தங்கள் பேச்சு என்று வைத்திருக்கின்றன. அது போலி இல்லை, பொதுவும் இல்லை. முழு வேகம் வேண்டும் என்றால் கம்பெனி சார்ஜரும் அதோடு வந்த கேபிளும் இரண்டும் வேண்டும். கேபிளைத் தொலைத்துவிட்டு வேறு எதை மாட்டினாலும் வேகம் இறங்கும்.

கேபிள்தான் குற்றவாளி, பாதி நேரம்

சார்ஜருக்கு இருக்கும் ஆர் நம்பர் கேபிளில் தேடினால் கிடைக்காது. கேபிளுக்கான சான்று தருவது யூ.எஸ்.பி.-ஐ.எஃப். என்ற அமைப்பு. 1995ல் கம்ப்யூட்டர் கம்பெனிகள் சேர்ந்து தொடங்கியது, யூ.எஸ்.பி. தரத்தை வெளியிடுவதும் அதுதான், சோதித்து லோகோ தருவதும் அதுதான். சட்டம் கிடையாது, கம்பெனிகள் விரும்பினால் போகலாம். ஆகவே லோகோ இல்லாத நல்ல கேபிளும் உண்டு.

இந்த அமைப்பு பெயர் வைத்த அழகைச் சொல்ல வேண்டும். யூ.எஸ்.பி. 3.0 என்று வந்தது, பிறகு 3.1 ஜென் 1 ஆனது, பிறகு 3.2 ஜென் 1 ஆனது. மூன்றும் ஒரே 5 ஜிகாபிட் வேகம்தான்! விற்கிறவனுக்கே விளங்காத பெயரை வைத்துவிட்டு, 2022ல் ஒருவழியாக எண்களைத் தூக்கிப்போட்டு, லோகோவிலேயே வேகத்தையும் வாட்டையும் நேராக எழுதச் சொல்லிவிட்டார்கள். இப்போது சான்று பெற்ற சி-டு-சி, அதாவது இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் இரண்டே வாட் எண்கள்தான்: 60 அல்லது 240. வேகத்துக்கு 5, 10, 20, 40, 80 என்று ஜிகாபிட் எண். 100 வாட் என்று பார்த்தால் பழைய முறை; கேபிள் மோசம் என்று பொருள் இல்லை.

60 வாட் கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் கேபிளின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும், ஈ-மார்க்கர் என்பார்கள். “நான் 5 ஆம்பியர் தாங்குவேன்” என்று சார்ஜரிடம் சொல்வது அந்த சிப்தான். சிப் இல்லையென்றால் சார்ஜர் 3 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். இப்போது மேலே பார்த்த 20 வோல்ட் 3.25 ஆம்பியரை நினைத்துப் பாருங்கள். கால் ஆம்பியர்தான் கூடுதல், ஆனால் 3 ஆம்பியர் கேபிளில் அது வராது. 60 வாட்டோடு சரி. லேப்டாப் திரையில் ‘ஸ்லோ சார்ஜர்’ என்று ஒரு எச்சரிக்கை வரும். சார்ஜரைக் குறை சொல்லி மாற்றக் கேட்பார்கள்; கேபிளை மாற்றி மாட்டிக் காட்டினால் எச்சரிக்கை போய்விடும். சாம்சங் 45 வாட் சார்ஜரோடு 5 ஆம்பியர் கேபிள் வருவதும் இதற்காகத்தான்.

240 வாட் என்று போட்டிருப்பதால் டேட்டாவும் பறக்கும் என்று நினைக்க வேண்டாம். தடிமனாக, நைலான் பின்னி, விலை அதிகமாக இருக்கும் எத்தனையோ கேபிள்களில் டேட்டா வேகம் பழைய 480 மெகாபிட்தான். மானிட்டர் மாட்டப் போகிறீர்கள் என்றால் ஜிகாபிட் எண் இருக்கிறதா பாருங்கள், அல்லது மின்னல் குறியும் பக்கத்தில் 3, 4 என்ற எண்ணும் உள்ள தண்டர்போல்ட் கேபிள் வாங்குங்கள். வெறும் சார்ஜுக்கு அந்தக் காசு வீண்.

ஒரு பக்கம் பழைய சதுர ஏ-வாய், மறுபக்கம் சி-வாய் உள்ள கேபிளில் வேறொரு வம்பு இருந்தது. அதன் சி-தலைக்குள் 56 கிலோ ஓம் மின்தடை இருக்க வேண்டும். நிறைய மலிவு கேபிள்களில் 10 கிலோ ஓம் போட்டிருந்தார்கள். அது “3 ஆம்பியர் இழுத்துக்கொள்” என்று போனிடம் பொய் சொல்லும், பழைய சார்ஜரோ கம்ப்யூட்டர் போர்ட்டோ சூடாகிச் சாகும். கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் 2015ல் அமேசானில் கேபிள்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதியபோதுதான் இது வெளியே வந்தது. 2016ல் ஒரு கேபிள், உள்ளே ஒயரே மாறி இணைத்திருந்தது, அவருடைய லேப்டாப்பைக் கொன்றது. அந்த ஆண்டே தரத்துக்கு ஒத்துவராத டைப்-சி கேபிள்களை விற்க அமேசான் தடை போட்டது.

இதற்கு நேர் எதிரான கூத்து வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். புது ட்ரிம்மரோ கையடக்க ஃபேனோ, டைப்-சி வாய்தான், ஆனால் சி-டு-சி கேபிளில் சார்ஜே ஏறாது. பெட்டியில் வந்த குட்டை ஏ-டு-சி கேபிளில் மட்டும் ஏறும். “நான் இங்கே இருக்கிறேன்” என்று சார்ஜருக்குச் சொல்ல அந்தச் சாதனத்துக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். சில பைசா மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டார்கள். சார்ஜர் நல்லதாக இருப்பதால்தான் கரண்ட் தரவில்லை! மலிவுக்காரர்கள் மட்டும் சறுக்கவில்லை. 2019ல் வந்த ராஸ்ப்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின்தடையைப் போட்டு, ஈ-மார்க்கர் உள்ள நல்ல கேபிளில் இயங்காமல் நின்றது. பிறகு திருத்தி வெளியிட்டார்கள்.

மற்ற குறிகள்

சி.இ. என்பது ஐரோப்பாவுக்கானது, பெரும்பாலான பொருட்களுக்குத் தயாரிப்பாளரே தனக்குத்தானே போட்டுக்கொள்வது. எழுத்து நெருங்கி இருந்தால் ‘சைனா எக்ஸ்போர்ட்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை கட்டுக்கதை. சதுரத்துக்குள் சதுரம் என்றால் இரட்டைக் காப்பு. வீடு படம் என்றால் மழை படாத இடத்தில் வை. குறுக்கே கோடு அடித்த குப்பைத்தொட்டி என்றால் குப்பையில் போடாதே. இவை எதுவும் தரச் சான்று இல்லை.

ஆன்லைனில் வாங்கினால் பொருள் படங்களில் லேபிள் பக்கம் இருக்கிறதா பாருங்கள். பத்துப் படம் போட்டுவிட்டு முதுகை மட்டும் காட்டாத விற்பனையாளரிடம் எனக்கு நம்பிக்கை வராது. ஜி.எஸ்.டி. பில்லில் ‘சார்ஜர் 1’ என்று எழுத விடாதீர்கள். மாடல் எண் இருக்கட்டும். போலி ஆர் நம்பர் என்றால் அதே பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் புகார் செய்யலாம். பணம் திரும்ப வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

இரண்டு போன், ஒரு லேப்டாப் இருக்கும் வீட்டுக்கு நான் எடுத்துக் கொடுப்பது: பி.பி.எஸ். வரியுள்ள, இரண்டு வாய் கொண்ட 65 வாட் பி.டி. சார்ஜர் ஒன்று, 240 வாட் போட்ட சி-டு-சி கேபிள் ஒன்று, போனுக்கு 60 வாட் கேபிள் ஒன்று. ட்ரிம்மரோடு வந்த அந்தக் குட்டைக் கேபிளையும் ஒரு பழைய ஏ-வாய் சார்ஜரையும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சூப்பர்வூக் போன் இருந்தால் அதன் சொந்தச் சார்ஜர் அந்தப் பக்கம் தனியாக இருந்துவிட்டுப் போகட்டும்.