பழைய கிராபிக்ஸ் கார்டையும் புதியதையும் ஒப்பிடும் முறை

இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் விவரப் பட்டியலை அருகருகே வைத்ததும் பலருடைய கண் கோர் (கணக்குகளைச் செய்யும் சிறு அலகு) எண்ணிக்கையில்தான் போய் நிற்கும். ஆனால் தலைமுறை மாறிய கார்டுகளுக்கிடையே அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. 2017இல் வெளியான என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 2021இல் வெளியான ஆர்டிஎக்ஸ் 3060 ஆகிய இரண்டிலும் 3584 கோர்களே உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள அமைப்போ முற்றிலும் வேறு.

முதலில் கார்டின் முழுப் பெயரையும் நினைவகத்தின் அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபி, 192 பிட் பஸ் (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான தரவுப் பாதை) கொண்ட கார்டும், 8 ஜிபி, 128 பிட் பஸ் கொண்ட கார்டும் விற்பனைக்கு வந்தன. ஜிடிஎக்ஸ் 1060இன் 3 ஜிபி வகையில் கோர்களே குறைவு. வாங்குபவரைக் குழப்பும் இந்தப் பெயர் சூட்டும் வழக்கத்தை நியாயப்படுத்த முடியாது.

கோர்களை எண்ணும் முறையும் இடையில் மாறியது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் முழு எண் கணக்குகளை மட்டும் செய்துவந்த அலகுகள், 30 வரிசையில் தசம எண் கணக்குகளையும் செய்யத் தொடங்கியதால் அவையும் கோர்களாக எண்ணப்பட்டன. அதனால்தான் 4352 கோர்கள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயும், 5888 கோர்கள் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3070உம் விளையாட்டுகளில் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுகின்றன. நொடிக்கு எத்தனை லட்சம் கோடி தசம எண் கணக்குகள் என்று சொல்லும் டெராஃப்ளாப்ஸ், கோர் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தாலும் இரண்டாலும் பெருக்கி வருவதே என்பதால், அதையும் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அடுத்ததாக நினைவக வேகத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பஸ்ஸின் அகலத்தை ஒரு பின்னின் (பஸ்ஸிலுள்ள ஒரு தனி இணைப்பின்) வேகத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் போதும். 1080 டிஐக்கு 352 பிட், 11 ஜிகாபிட் என்பதால் நொடிக்கு 484 ஜிபி. 12 ஜிபி 3060க்கு 192 பிட், 15 ஜிகாபிட் என்பதால் 360 ஜிபி. நான்கு ஆண்டு பழைய கார்டு இங்கே முந்துகிறது. பொருட்களின் பரப்பில் படங்களைப் பொருத்தும் டெக்ஸ்ச்சர் அலகுகளிலும் அதற்கு 224, புதியதற்கு 112தான். ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் முறை) இல்லாத பழைய விளையாட்டுகளில் இவ்விரண்டும் தோளோடு தோள் நிற்பதற்கு இவையே முக்கியக் காரணங்கள்.

இந்தக் கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060இன் நினைவக வேகம் 272 ஜிபிதான் என்றாலும், 3060இல் 3 எம்பியாக இருந்த எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) அதில் 24 எம்பியாக உயர்ந்திருப்பதால், வெளி நினைவகத்தை நாட வேண்டிய தேவை வெகுவாகக் குறைகிறது. ஆயினும் நினைவகக் கொள்ளளவின் குறையைக் கேஷ் ஈடுசெய்யாது. 4060இன் 8 ஜிபி நிரம்பி வழிந்தால் தரவு, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாகக் கணினியின் ராமுக்குப் போய்வர வேண்டியிருக்கும். காட்சி திக்கித் திணறும். 4060க்கு எட்டு பிசிஐஇ லேன்கள் (தரவுத் தடங்கள்) மட்டுமே இருப்பதால், பிசிஐஇ 3.0 மதர்போர்டு வைத்திருப்பவர்கள் லேன் எண்ணிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

எண்ணாக வராத வசதிகளையும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். ரே டிரேசிங்குக்கான தனி வன்பொருள், டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் வசதி), மெஷ் ஷேடர் (பொருட்களின் வடிவங்களைக் கையாளும் புதிய முறை), ஏவி1 வகை வீடியோ டிகோடிங் ஆகிய நான்கும் 3060இல் உண்டு, 1080 டிஐயில் இல்லை. இவற்றில் ஒன்று உங்களுக்குக் கட்டாயத் தேவை என்றால் மேற்சொன்ன கணக்குகள் எல்லாம் இரண்டாம்பட்சமாகிவிடும்.

1080 டிஐயிலிருந்து 3060க்கு மாறும்போது மின்தேவை 250 வாட்டிலிருந்து 170 ஆகக் குறைவதால் இந்த மாற்றத்துக்குப் பவர் சப்ளையை மாற்ற வேண்டியிராது. வேறு கார்டு என்றால் இணைப்பான்களையும் கேபினெட்டின் உள்நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

கடைசியாகச் சோதனை முடிவுகளைப் பாருங்கள். சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம்கள் என்ற எண்ணை) விட, மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களைக் கொண்டு கணக்கிடும் 1 சதவீதக் குறைந்தபட்ச எஃப்பிஎஸ்ஸே திக்கலைக் காட்டிக்கொடுக்கும். நிறுவனங்களே வெளியிடும் வரைபடங்களில், புதிய கார்டு மட்டும் ஃபிரேம் ஜெனரேஷனோடு (இடையிடையே ஃபிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் வசதியோடு) ஓடியிருக்கிறதா என்பதை அடிக்குறிப்பில் தேடிப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு கார்டுகளையும் ஒரே அமைப்பில் ஓட்டிய சோதனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.