டேட்டா புரொவைடரில் மாறிகள்: எங்கே வைத்தால் வம்பில்லை

பிஎச்பியூனிட்டில் (பிஎச்பி நிரல்களைச் சோதிக்கும் கருவி) செட்அப்புக்குள், அதாவது ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓடும் மெத்தடுக்குள், ஒரு மாறியை நிரப்பிவிட்டு, அதை டேட்டா புரொவைடரில், அதாவது டெஸ்டுக்கு வரிசை வரிசையாக மதிப்புகள் தரும் மெத்தடில், எடுக்கப் பார்க்காதீர்கள். எல்லா புரொவைடர்களும் ஓடி முடிந்த பிறகுதான் செட்அப் ஓடும். பதிப்பு 10-இலிருந்து புரொவைடர் ஸ்டாட்டிக்காக, அதாவது ஆப்ஜெக்ட் இல்லாமலே அழைக்கக்கூடியதாக, இருக்க வேண்டும் என்கிறார்கள். 11-இல் அது கட்டாயம். அதனால் உள்ளே திஸ் ($this, டெஸ்ட் ஆப்ஜெக்டைக் குறிப்பது) கிடையாது. நல்லதுதான் என்பேன், தப்பு உடனே தெரிந்துவிடுகிறது.

மாறாத மதிப்பா? கிளாஸ் கான்ஸ்டன்டாக வையுங்கள். தள்ளுபடிக் கணக்கைச் சோதிக்கிறேன் என்றால் புரொவைடர் 500, 10, 450 (விலை, தள்ளுபடி சதவீதம், வரவேண்டிய விடை) என்று வெறும் எண்களை மட்டும் தரும். வாங்கும் பொருள்களை வைக்கும் கார்ட் ஆப்ஜெக்டை டெஸ்டுக்குள்தான் உருவாக்குவேன்.

அதைப் புரொவைடரிலேயே ஒருமுறை உருவாக்கி இரண்டு வரிசைகளுக்குக் கொடுத்தால், முதல் டெஸ்ட் சேர்த்த பொருள் இரண்டாவதிலும் உட்கார்ந்திருக்கும். தனியாக ஓட்டினால் பாஸ், சேர்த்து ஓட்டினால் ஃபெயில். இதைத் தேடிப் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

செட்அப்பில் உள்ளது கட்டாயம் வேண்டுமா? சரி, புரொவைடரிலிருந்து ஒரு குளோஷரை (பிறகு அழைக்கக்கூடிய பெயரில்லாத ஃபங்ஷன்) அனுப்பி, டெஸ்டுக்குள் அதை அழையுங்கள். அப்புறம், ஒவ்வொரு வரிசைக்கும் 'பூஜ்ய தள்ளுபடி' போல ஒரு பெயர் வையுங்கள். ஃபெயிலானால் எந்த வரிசை என்று அந்தப் பெயரே சொல்லும்.