பழைய எக்ஸ்பாக்ஸுக்கு வைஃபை: பரணில் கிடக்கும் ரவுட்டர் போதும்

2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் பெட்டிக்குள் வைஃபை கிடையாது. பின்னால் நெட் வயர் சொருகும் ஒரு லேன் போர்ட் மட்டும்தான். 2010-இல் வந்த ஸ்லிம் மாடலில்தான் வைஃபையை உள்ளேயே வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த அந்தப் பழைய பெட்டிகள் நம் பக்கம் பல வீடுகளில் இன்னும் நன்றாக ஓடுகின்றன. அதற்கென்று தனியாக விற்ற வைஃபை அடாப்டரைத் தேடி அலைய வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியில் என் தங்கச்சி வீட்டையே சொல்கிறேன். தெருவாசலில் ஆரம்பித்துக் கொல்லை வரை நீளும் வீடு. ஃபைபர் தெருவிலிருந்து வருவதால் ரவுட்டர் தார்சாவில், அதாவது வாசலை ஒட்டிய முன்பகுதியில். டிவியும் எக்ஸ்பாக்ஸும் நடுக்கூடமான பட்டாசலைத் தாண்டி உள்ளறையில். தார்சாவிலிருந்து வயர் இழுத்துவிடலாம் என்றான் மருமகன். ஆட்கள் நடக்கிற வழியில் வயர் கிடக்கக்கூடாது என்று தங்கச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

இதற்கு வேண்டியது கிளையன்ட் மோட் உள்ள ஒரு ரவுட்டர். வீட்டு வைஃபையை அது ஒரு போன் மாதிரி பிடித்து, லேன் போர்ட் வழியாக வெளியே கொடுக்கும். பரணில் கிடப்பதை எடுத்து லேன் வயரில் லேப்டாப்போடு இணையுங்கள். ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் திறந்து, 'ஆபரேஷன் மோட்' பக்கத்தைப் பாருங்கள். கிளையன்ட் அல்லது ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்று இருந்தால் சரி. பழைய டெலிபோன் லைன் மோடங்களில் பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் லேன் போர்ட் உள்ள சின்ன எக்ஸ்டெண்டரோ நானோ ரவுட்டரோ செகண்ட்ஹேண்டில் வாங்கலாம்.

மோடைத் தேர்ந்தெடுத்ததும் ஸ்கேன் செய்து, வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டு கொடுங்கள். சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் பிடிக்கவில்லையென்றால் மெயின் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் போட்டிருக்கலாம். பழைய ரவுட்டருக்கு அது தெரியாது, டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றுங்கள். அப்புறம் இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி இருக்கக்கூடாது. மெயின் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 போடுங்கள். முகவரிகளைப் பிரித்துக்கொடுக்கும் டிஎச்சிபி இதில் ஆஃப், அந்த வேலையை மெயின் பார்த்துக்கொள்ளும். எக்ஸ்பாக்ஸில் எதையும் மாற்ற வேண்டாம், ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கட்டும்.

அதே 'ஆபரேஷன் மோட்' பக்கத்தில் விஸ்ப் என்ற மோடும் கண்ணில் படும். டவுன்லோடுக்கு அது போதும். ஆனால் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் முகவரி மாற்றுவதால் (இந்த மாற்றத்துக்குத்தான் நேட் என்று பெயர்), எக்ஸ்பாக்ஸ் தன் டெஸ்ட்டில் 'நேட் ஸ்ட்ரிக்ட்' என்று சொல்லக்கூடும். கூட்டாளிகளோடு ஆன்லைனில் ஆடுவதும் பேசுவதும் சிக்கலாகும். அதனால் கிளையன்ட் கிடைத்தால் கிளையன்ட்தான்.

இந்த ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எக்ஸ்பாக்ஸ் பக்கத்திலேயேதான் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. லேன் வயர் நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகும். நம் பழைய வீடுகளின் கனத்த சுவரில் வைஃபை இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் நைந்துவிடும். ஆகவே சிக்னல் நன்றாக வரும் இடத்தில் ரவுட்டரை வைத்து, அங்கிருந்து வயரை இழுங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாலே இடம் தெரிந்துவிடும். தங்கச்சி வீட்டில் பட்டாசலின் கதவு நிலைக்கு மேலே வைத்தோம்; திறந்த கதவு வழியாகத் தார்சா ரவுட்டர் நேராகத் தெரியும். அங்கிருந்து சுவரின் மேலோரமாக ஆணி கிளிப் அடித்து வயரை உள்ளறைக்குக் கொண்டுபோனோம், தங்கச்சியும் ஒத்துக்கொண்டாள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் மட்டும் வைக்காதீர்கள், சிக்னலை அப்படியே மறைத்துவிடும்.

பழைய ரவுட்டரே இல்லையா? விண்டோஸ் லேப்டாப் போதும். நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸில் வைஃபையின் ப்ராபர்ட்டீஸ், அதில் ஷேரிங், அதில் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்து, லேப்டாப்பையும் எக்ஸ்பாக்ஸையும் லேன் வயரால் இணையுங்கள். ஆடி முடிக்கும் வரை லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதிலும் நேட் தொல்லை உண்டு.

பரணில் ரவுட்டரோடு கிடந்த கரண்ட் அடாப்டரை நம்பி அப்படியே சொருகாதீர்கள். ரவுட்டரின் அடியில் 9 வோல்ட் என்றிருந்தால் அடாப்டரிலும் 9 வோல்ட்தான் இருக்க வேண்டும், 12 போட்டால் ரவுட்டர் போய்விடக்கூடும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம்.