ஆட்டு ஊசி ஆட்டுக்கே: கோலி நாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரஃப் கோலி, ஸ்காட்லாந்துக் குளிரில் ஆடு மேய்த்த இனம். அதை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களான மண்டபத்திலும் தொண்டியிலும் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். நிழலில் கட்டு, தண்ணீர் வை என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விடுவோம்.

உண்ணிக்கு ஆட்டு ஊசி

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிற தவறு இது. நாய் மேல் உண்ணி ஏறியிருக்கும். கிடை ஆட்டுக்கு ஊசி போட வந்தவரிடம், “அண்ணே, இதுக்கும் ஒண்ணு போட்டு விடுங்க” என்பார்கள். மருந்து பெரும்பாலும் ஐவர்மெக்டின். பக்கத்து வீட்டு மண்டை நாய்க்கு (இந்தப் பக்கத்து நாட்டு இனம்) போட்டு ஒன்றும் ஆகவில்லையே என்பது இவர்கள் வாதம்.

கோலிகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழில் எம்.டி.ஆர்.1 ஜீன் பிழை உண்டு என்பது 2001 முதல் தெரிந்த விஷயம். மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் புரதம் இந்த ஜீனால்தான் உண்டாகிறது. ஜீன் பழுதானால் மருந்து மூளையில் தேங்கும். கணக்குப் பாருங்கள்: 1 சதவீத மருந்தில் மில்லிக்கு 10 மில்லிகிராம். ஆட்டு அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதன்படி 25 கிலோ கோலிக்கு அரை மில்லி. பிழையுள்ள நாய்க்குக் கிலோவுக்கு 0.1 தாண்டினாலே நஞ்சு. இதயப்புழுத் தடுப்பு மாத்திரையில் இருப்பது 0.006தான், அதனால் அது தாங்கும்.

சில மணி நேரத்தில் கண்மணி விரியும், எச்சில் வடியும், பின்னங்கால் தள்ளாடும், பார்வை மங்கிச் சுவரில் முட்டும், பிறகு நினைவு தப்பும். வெயில் மயக்கம் என்று நினைத்து மோர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். முறிவு மருந்து கிடையாது. ட்ரிப் ஏற்றி, நாள்கணக்கில் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். மருந்துக் குப்பியோடு டாக்டரிடம் ஓடுங்கள். எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள்.

ஊசி போட்ட ஆட்டின் புழுக்கையிலும் மருந்து வெளியேறும். அதைத் தின்னும் கோலிக்கும் ஆபத்து என்பதால், இரண்டு வாரமாவது அந்தக் கிடைப் பக்கம் விடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு நாம் போடும் லோபரமைடு மாத்திரையும் வேண்டாம். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன் இனத்தைச் சொல்லிவிடுங்கள். சில மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஜீன் பரிசோதனை செய்யாத கோலி எல்லாமே பிழையுள்ளது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டை அடிப்பது

வேண்டாம். மேல்முடி வெயிலைத் தடுக்கிறது; வழித்தால் தோல் வெந்துபோகும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். குறைக்க வேண்டியது அடிமுடியைத்தான். வாரம் இருமுறை, உதிரும் காலத்தில் தினமும், வகிடு எடுத்துத் தோல்வரை சீவுங்கள். மேலோடு சீவினால் வெளியே பளபளப்பு. காதுக்குப் பின்னும் அக்குளிலும் தொடையிலும் சடை.

கடலில் இறக்கி அப்படியே விடுவது

உப்பும் ஈரமும் அடிமுடியில் தங்கினால் முதலில் அரிப்பு, அப்புறம் சொறிந்து சொறிந்து புண். நல்ல தண்ணீரில் அலசி, தோல் காயும்வரை துவட்டுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு அலசியாயிற்று என்று சொல்லக் கூடாது. கருவேலங்காட்டு வழியாக வந்தால் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். முடிக்குள் முள் கண்ணுக்குத் தெரியாது.

கரை ஒதுங்கிய மீன்

உடம்பை ஊதிக்கொள்ளும் நச்சு மீனான பேத்தை ஒன்றைத் தின்றாலே போதும், உயிர் போக. கயிற்றை விடாதீர்கள்.

மாலை 4 மணி நடை

கடற்காற்று வந்துவிட்டது என்று கிளம்புகிறார்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் நாய் எவ்வளவு மூச்சிரைத்தாலும் உடம்புச் சூடு சரியாக இறங்காது. விடியற்காலையே போய் வாருங்கள்.