லீவு விட்டதும் வடாம் இடுங்கள்

பரீட்சை முடிந்துவிட்டால் மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பத்து வயதுப் பேத்தியும் ஆறு வயதுப் பேரனும் மாலை வரை என் பொறுப்பு. விடுமுறைக்கு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் ராக்கெட்டாகிவிடும். அதனால் மேற்கு மாம்பலத்தில் எங்கள் விடுமுறை ஜவ்வரிசி வடாத்தில் தொடங்குகிறது. பிள்ளைகளை விடியலில் எழுப்ப ஒரு காரணம் வேண்டாமா?

ஏப்ரல் கடைசி வாரத்திலேயே இட்டுவிடுங்கள். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். கத்திரியில் வடாம் நன்றாகத்தான் காயும், காவல் இருப்பவர்தான் வாடிப்போவார். மொட்டை மாடிச் சாவியை முந்தின நாளே வாங்கிவையுங்கள். துணி காயப்போடும் வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாடிச் சண்டை லேசில் ஓயாது.

இரவே ஜவ்வரிசியைக் கழுவி ஊறவையுங்கள். விடிவதற்குள், ஒரு கப்புக்குச் சுமார் நான்கு கப் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஊறியதைப் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்ச வேண்டும். அடுப்புப் பக்கம் பிள்ளைகள் வரக் கூடாது. கூழ் மேலே தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். பச்சை மிளகாயை உப்போடு அரைத்துச் சேர்த்து, பெருங்காயம் போடுங்கள். உப்பு நாக்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்தால் அது ஏறிவிடும். எலுமிச்சைச் சாறு ஆறியபின்தான். காரம் சேர்க்கும் முன்பே பேரனுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்துவைத்துவிடுவேன்.

பிளாஸ்டிக் தாளில் இடுவது சுலபம். எனக்குப் பழைய பருத்தி வேட்டிதான் பிடிக்கும். நனைத்துப் பிழிந்து விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு, கரண்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். வட்டமாக வராது. பாட்டி முணுமுணுப்பாள், விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும். அதற்குப்பின் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது.

காக்கைக்கு, விரித்த கறுப்புக் குடை ஒன்று போதும். ஆள் காவல் மாடிப்படி நிழலில் இருந்துதான், அதுவும் பத்து மணி வரைதான். உண்மையான திருடர்கள் பிற்பகலில் வருவார்கள். அரைகுறையாய்க் காய்ந்த வடாத்தின் ருசி அப்படி! அதற்கும் சேர்த்தே ஜவ்வரிசி அளந்துவிடுங்கள். நான்கு மணிக்கு மேல் மாடியில் விடாதீர்கள், கடற்காற்றின் ஈரத்தில் வடாம் பதத்துவிடும்.

நடுப்பகலுக்குத் தாயக்கட்டை, நுங்கு, தூக்கம். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதி. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும் வண்டலூர் பூங்கா செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்கும் முன் கிழமையைப் பாருங்கள்.

மறுநாள் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்க வேண்டும். இதற்குத்தான் அடிதடி, ஆளுக்குப் பாதி வேட்டி என்று பிரித்துவிடுங்கள். உரித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். ஒன்றைப் பொரித்துப் பார்த்து, நடுவில் கடுக்கென்று இருந்தால் மேலும் ஒரு வெயில். முழுக்கப் பொரிந்தால் ஆறவைத்து டப்பாவில் போட்டு மூடி, பேரனுக்கு எட்டாத பரணில் ஏற்றிவிடுங்கள்.