மழைக்குப் பின் இறால் குட்டையில் நீலப்பச்சைப் பாசி: என்ன அளப்பது, எப்போது கைவைப்பது

எந்தப் பாசி குட்டையில் பிழைக்கும் என்பதை உப்பு முடிவு செய்கிறது. அது எவ்வளவு தடிக்கும் என்பதை மிச்சத் தீவனமும் கழிவும் முடிவு செய்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் 25 பிபிடி (லிட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் உப்பு) தண்ணீர் மளமளவென்று 8-க்கு இறங்கினால், பழுப்பு நிறம் தந்த டயட்டம் என்ற நுண்பாசி சரியும். அந்த இடத்தை நீலப்பச்சைப் பாசி பிடிக்கும்.

உப்பை மேலேயும் அடியிலேயும் தனித்தனியாகப் பாருங்கள். கழியில் ஒரு பாட்டிலைக் கட்டி, தக்கையில் கயிறு போட்டு, அடிமட்டத்தில் இழுத்துத் திறந்தால் அடித்தண்ணீர் கிடைக்கும். உப்பு அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை முதலில் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்கு வையுங்கள். மேலே 6, அடியில் 14 என்று காட்டினால் மழைநீர் மிதக்கிறது. உடனே மதகின் மேல்பலகையை எடுத்து அதை வடியுங்கள், தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர் அப்புறம்தான். முதலில் கலக்கிவிட்டால் மழைநீரைப் பிரிக்கவே முடியாது.

அடுத்து செக்கி தட்டு, நடுப்பகலில். கறுப்பு வெள்ளைத் தட்டைத் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பாருங்கள். 30 முதல் 40 செ.மீ. நல்லது. 25-க்குக் கீழே போனால் பாசி தடித்துவிட்டது. ஆனால் கரைமண் கரைந்தாலும் இதே அளவுதான் வரும். கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். மண் அடியில் படியும். பச்சைப் பெயிண்ட் போல மேலே ஏடு கட்டினால் அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி.

அப்படியானால் தீவனத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, செக் ட்ரேயில் (தீவனம் மிச்சமாகிறதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கும் தட்டு) பார்த்து மறுபடி கூட்டுங்கள். தீவன நைட்ரஜனில் ஏறக்குறைய கால்பங்குதான் இறாலில் சேர்கிறது, மீதி பாசிக்குத்தான். நைட்ரஜனும் பாஸ்பரஸும் உள்ள டிஏபி உரம் வேண்டவே வேண்டாம். சில நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், பாஸ்பரஸ் கிடைத்தால் போதும். காற்று ஒதுக்கிய மூலையில் படலத்தைத் துணிவலையால் வாரி, கரைக்கு வெளியே புதையுங்கள்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டு ஒரேயடியாகக் கொல்வதுதான் பெரிய தவறு. செத்த பாசி அழுகி ஆக்சிஜனைத் தின்னும், சில வகைகள் நஞ்சையும் தண்ணீரில் விடும். விடியற்காலை 4 மணிக்கு ஆக்சிஜனை அளந்து, லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் ஏரேட்டரை ஓட்டுங்கள்.

உப்பை ஏற்ற ஓடைத்தண்ணீர் எடுப்பதென்றால் ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில், உப்பு அளந்த பிறகே எடுங்கள். மழைக்காலத்தில் ஓடையிலும் வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் வரும். அறுவடைச் சேற்றைப் படிவுக் குட்டையில் நிறுத்திவிட்டுத் தெளிந்ததை மட்டும் வெளியே விடுங்கள். ஓடையில் நேராகக் கொட்டினால் அடுத்த ஓதத்தில் பக்கத்துப் பண்ணை மோட்டார் அதைத்தான் இழுக்கும்.