பழைய படங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாப்பூரில் என் பெரியம்மா வீட்டுப் பரணில் இருந்த பிஸ்கெட் டப்பாவில் ஓர் இளம் தம்பதியின் ஸ்டூடியோ படம் கிடைத்தது. அது தனக்குத் திருமணமான புதிதில், 1965இல் எடுத்தது என்றார் பெரியம்மா. பின்பக்கத்தைத் திருப்பினேன், ஸ்டூடியோவின் முத்திரையில் 'மெட்ராஸ் – 600 004' என்று இருந்தது. ஆறிலக்க அஞ்சல் குறியீடு நடைமுறைக்கு வந்ததே 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதற்கு முன் 'மெட்ராஸ் – 4' என்றுதான் போடுவார்கள். எனவே பெரியம்மாவின் நினைவு பிசகிவிட்டது என்று வீடு முழுக்க அறிவித்தேன். சில மாதங்கள் கழித்து இன்னோர் உறவினர் வீட்டில் அதே படத்தின் மற்றொரு பிரதியைப் பார்த்தேன். அதன் முத்திரையில் 'மெட்ராஸ் – 4' என்று இருந்தது. நான் முதலில் பார்த்தது பழைய நெகட்டிவிலிருந்து பின்னாளில் போட்ட பிரதி. பெரியம்மா சொன்னதே சரி.

பழைய படங்களைக் கையாளுவோர் செய்யும் முதல் தவறு இதுவே. முத்திரை, தாளின் தன்மை, பல் பல்லாக வெட்டிய ஓரம் ஆகியவை அந்தத் தாள் எப்போது அச்சானது என்பதைத்தான் சொல்லும். அதில் தெரியும் கணம் எப்போது நிகழ்ந்தது என்பதைச் சொல்லாது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும் என்பதால்தான் இரண்டும் வேறாக இருக்கும்போது எளிதில் ஏமாந்துபோகிறோம்.

தெருவில் எடுத்த படங்களுக்கு ஆண்டு குறிப்பவர்கள் செய்யும் தவறு சற்று வேறு வகையானது. சென்னைப் படம் என்றால் கட்டடங்கள் பெரிய துணை. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் முழுமையாக நிற்கிறதென்றால் படம் 1959க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. கடற்கரையின் உழைப்பாளர் சிலையும் 1959இல்தான் நிறுவப்பட்டது. ஜெமினி மேம்பாலம் திறக்கப்பட்டது 1973இல். மெரினாவின் இப்போதைய கலங்கரை விளக்கம் இயங்கத் தொடங்கியது 1977இல். மறுபுறம், டிராம் ஓடினால் 1953க்குப் பிந்தையதல்ல. சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட்டின் சிவப்புக் கட்டடம் முழுதாக நின்றால் அது தீக்கிரையான 1985 மே மாதத்துக்கு முந்தையது. ஆனால் ஒரு கட்டடம் ஒரு பக்க எல்லையை மட்டுமே தரும். எல்.ஐ.சி. தெரிகிறது என்பதற்காக '1959' என்று எழுதிவிடுவது தவறு. அந்தக் கட்டடம் இன்றும் அங்கேயே நிற்கிறது. இன்னொரு பக்கத்தை அடைக்க வேறொரு தடயம் வேண்டும். வண்டி எண் பலகையில் 'டி.என். 01' போல மாநில எழுத்தை அடுத்து இரண்டு இலக்கம் வந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஊர்ப் பெயரை மட்டும் தடயமாக நம்ப வேண்டாம். மவுண்ட் ரோடு அண்ணா சாலையாகி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1996இல் மெட்ராஸ் அதிகாரப்பூர்வமாகச் சென்னை ஆனது. ஆயினும் பழைய பெயர்களையே எழுதிக்கொண்டிருந்தவர்கள், இருப்பவர்கள் ஆயிரம் பேர். படத்தின் மூலையில் ஆரஞ்சு எண்களில் அச்சாகியிருக்கும் தேதியும் அப்படித்தான். கேமராவில் பேட்டரி மாற்றிய பின் தேதியைத் திருத்தி வைக்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

உடையை வைத்து ஆண்டைக் கணிப்பவர்கள் இன்னும் எளிதாக வழுக்குகிறார்கள். புஃப் கை ரவிக்கை ஐம்பதுகளிலும் உண்டு, எண்பதுகளில் மறுபடியும் வந்தது. அதைவிட முக்கியமானது, ஒருவர் தம் இளமையில் பழகிய உடையையும் கொண்டையையும் முதுமை வரை விடுவதில்லை என்பது. 1975இல் எடுத்த குரூப் போட்டோவில் பாட்டியின் கட்டு 1935ஐக் காட்டும். பின்வரிசையில் பெல்பாட்டமும் காதை மூடிய முடியுமாக நிற்கும் பேரன்தான் சரியான ஆண்டைக் காட்டுவான். அதனால் எப்போதும் கூட்டத்தில் இளையவர்களின் உடையிலிருந்து தொடங்குவது நல்லது. படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. நெகட்டிவைப் புரட்டிவைத்து அச்சிட்டால் ஆணின் சட்டைப் பொத்தான்கள் பெண்களின் உடையில் இருப்பது போல மறுபக்கம் போய்விடும், கைக்கடிகாரம் வலக்கைக்கு மாறும், புடவைத் தலைப்பு வலத்தோளுக்குப் போகும். இதிலும் அவசரம் கூடாது. மடிசாரில் ஐயர், ஐயங்கார் கட்டுகளில் தலைப்பு விழும் தோளே வேறு. பூணூல் வலத்தோளில் இருந்தால் அது திதி நாளில் எடுத்த படமாகவும் இருக்கலாம். பொத்தானை முதலில் பாருங்கள்; அதற்குச் சாதியும் இல்லை, சடங்கும் இல்லை.

இனி ஸ்டூடியோவுக்குள் வருவோம். நம் வீடுகளில் மிகுதியான தவறான முடிவுகள் பிறப்பது இங்கேதான். தாத்தா கோட்டும் டையும் அணிந்து, மேசை மேல் ஒரு வானொலிப் பெட்டியோ தொலைபேசியோ இருக்க, பின்னால் மாளிகைத் தூணும் படிக்கட்டும் தெரிய அமர்ந்திருப்பார். பேரப்பிள்ளைகள் உடனே 'தாத்தா அந்தக் காலத்திலேயே வசதியானவர்' என்று எழுதுகிறார்கள். தூணும் படிக்கட்டும் திரைச்சீலையில் வரைந்தவை. கோட்டைப் பல ஸ்டூடியோக்கள் ஆணியில் மாட்டி வைத்திருந்தன. ஒரே கோட்டு தெருவில் பாதிப் பேரின் படத்தில் வரும். கைக்கடிகாரமும், கையில் பிடித்த புத்தகமும், பேனாவும் அப்படியே. இதை ஏமாற்று என்று கருதுவதும் இன்னொரு தவறு. தான் எப்படி நினைவுகூரப்பட வேண்டும் என்று அந்த மனிதர் விரும்பினாரோ, அதற்கு அந்தப் படம் நேர்மையான சான்று. அவருடைய சொத்துக்கு அல்ல.

கணவனும் மனைவியும் அருகருகே அமர்ந்திருக்கும் படங்களிலும் கவனம் வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் ஒருவர் இறந்துபோன குடும்பங்களுக்காக, தனித்தனிப் படங்களை ஒட்டி, தூரிகையால் சேர்த்து, மறுபடி படமெடுத்துக் கொடுத்த ஸ்டூடியோக்காரர்கள் இருந்தார்கள். முகங்களில் ஒளி விழும் திசை வேறுபட்டாலோ, ஒருவருக்கு மட்டும் நிழல் இல்லாமல் இருந்தாலோ, கழுத்துக்குக் கீழே உடை வரைந்தது போல வழுவழுப்பாக இருந்தாலோ அது இவ்வகைப் படமாக இருக்கக்கூடும். இதைக் கண்டுபிடித்தவுடன் 'போலி' என்று ஒதுக்கிவிட்டால், ஒரு குடும்பம் தன் துக்கத்தை எப்படிக் கையாண்டது என்பதற்கான சான்றைத் தூக்கி எறிந்தவர்களாவோம். படங்களில் யாரும் சிரிக்காததற்கும் கடினமான வாழ்க்கையையோ நீண்ட நேரம் அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயத்தையோ காரணமாகச் சொல்ல வேண்டாம். ஐம்பதுகளில் ஒரு நொடியின் சிறு பகுதியில் படம் எடுத்து முடிந்துவிடும். போட்டோவுக்கு இறுக்கமாக உட்காருவது, கோயிலில் கைகூப்புவது போல, அன்றைய மரியாதை.

நீண்ட நேர ஒளிப்பதிவு உண்மையிலேயே விளையாடியது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளில் பல நொடிகள் ஒளி விழ வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் நடந்து போனவர்களும் மாட்டுவண்டிகளும் தகட்டில் பதியாமலோ மங்கலான புகையாகவோ போனார்கள். எனவே ஆளரவமற்ற பழைய மதராஸ் தெருவைக் காட்டி, 'அன்று எவ்வளவு அமைதியான ஊர்!' என்று பெருமூச்சு விடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தத் தெருவில் கூட்டம் இருந்திருக்கும். கேமராவுக்கு அதைப் பிடிக்கும் வேகமில்லை.

இப்போது பரவலாகிவிட்ட தவறு, செயற்கை நுண்ணறிவு கொண்டு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றி, அதையே மூலம் என்று நம்புவது. வண்ணம் ஏற்றும் செயலி ஊகிக்கிறது, அவ்வளவுதான். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது; அரக்குப் புடவையும் குங்குமமும் ஏறக்குறைய கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதியும். இத்தகைய ஃபிலிம்கள் 1950களின் நடுப்பகுதி வரை கடைகளில் கிடைத்தன. ஆகவே அன்றைய கல்யாணப் படத்தில் கறுப்பாகத் தெரியும் கூறைப்புடவைக்குச் செயலி கரும்பழுப்பு பூசிவிடும். மணப்பெண்ணின் தோலை அவள் நிறத்தைவிடக் கறுப்பாகவோ, வழக்கமான சினிமா வெளுப்பாகவோ மாற்றிவிடும். வண்ணம் ஏற்றுவதில் தவறில்லை. வண்ணம் ஏற்றியது என்று படத்திலேயே குறிப்பிட்டு, மூலத்தைத் தனியாக வைத்திருக்க வேண்டும். எழுபது, எண்பதுகளின் வண்ணப் படங்கள் செம்பழுப்பாக இருப்பதும் காலத்தின் கோலம். அந்தத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே வெளிறிவிடுவதால் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. அந்த நிறத்தையே 'பழைமையின் அழகு' என்று புதுப் படங்களுக்குப் பூசிக்கொள்கிறோம். எழுபதுகளில் மெரினா வானம் நீலமாகத்தான் இருந்தது.

நட்சத்திரங்களின் படங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை போதும். திரைப்பட ஸ்டில்லும் வாழ்க்கைப் படமும் ஒன்றல்ல. 1961இல் வெளிவந்த கப்பலோட்டிய தமிழனில் சிவாஜி கணேசன் வ.உ.சி.யாகவும் எஸ்.வி. சுப்பையா பாரதியாராகவும் நடித்தார்கள். அதன் ஸ்டில் ஒன்றை ஓரம் வெட்டி, பெயரில்லாமல் பகிர்ந்தால் அடுத்த தலைமுறை அதை நிஜமான பாரதியாராகவே ஏற்றுக்கொள்ளும். படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகையிலோ காலண்டரிலோ அச்சானது, புகைப்படமல்ல. கையெழுத்தும் புள்ளிகளாகவே தெரிந்தால் நடிகர் அந்தத் தாளைத் தொட்டதே இல்லை.

பாதுகாப்பில் நிகழும் தவறுகளைத் திருத்தவே முடியாது என்பதால் அவற்றைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். நம் ஊரில் இது பாசத்தின் வெளிப்பாடு. ஆனால் சூடும் பசையும் படத்தோடு ஒன்றிவிட்ட பின் எவராலும் பிரிக்க முடியாது. பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டும் ஆல்பங்களின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். படங்களுக்கு ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கடலோரச் சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அது அதற்கு மேலேயே இருக்கும். ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் ஓட்டுக்கூரைப் பரணும் படங்களுக்கு எதிரி. அங்கே பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டையை ஆல்பத்துக்குள் போடுவதும் வேண்டாம். நெகட்டிவ் உறையைத் திறந்தால் காடியின் நெடி வருகிறதென்றால் அந்த ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து உடனே ஸ்கேன் செய்ய வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பங்களை இழந்தவர்கள் இந்நகரில் ஏராளம். அப்போது பலர் செய்த தவறு, நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களை வெயிலில் காயவைத்துப் பிறகு பிரிக்க முயன்றது; காய்ந்த பின் முகங்கள் தாளோடு உரிந்துவந்தன. நனைந்த படங்களை ஈரமாகவே, சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு மெல்லப் பிரித்து, படப்பக்கம் மேலாக நிழலில் பரப்ப வேண்டும். இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். அதற்குள் முடியாதென்றால் இடையிடையே மெழுகுத்தாள் வைத்து உறையவைப்பான் பெட்டியில் வைத்துவிடலாம்.

ஸ்கேன் செய்பவர்கள் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது மிகச் சாதாரணமான தவறு. சிறிய படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) குறைந்தபட்சம். பின்பக்கத்தையும் எடுத்து, முன்பக்கத்துக்குக் கொடுத்த அதே கோப்பு எண்ணில் சேமியுங்கள். வாட்ஸாப்பில் வந்த பிரதியை மூலமாகக் கருத வேண்டாம். அது பெரும்பாலும் சுருங்கியே வருகிறது. பெயர்களைப் பந்துமுனைப் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். பழைய தாளில் மென்மையான பென்சிலால், ஓரத்தில் எழுத வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பின்னாளைய தாளில் பென்சில் பிடிக்காது என்பதால் உறையின் மேல் எழுதி வைக்கலாம்.

கடைசியாக, கேட்கும் முறை. 'இது 1965தானே?' என்று கேட்டால் முதியவர்கள் நம் மனம் நோகாமல் 'ஆமாம்' என்பார்கள். 'அன்றைக்கு என்ன நடந்தது?' என்று கேட்டால் வேறு கதை வரும். பிழையை ஒப்புக்கொண்டு பெரியம்மாவிடம் மறுபடி அந்தப் படத்தைக் கொடுத்தபோது அவர் பெரியப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; புடவையைப் பற்றியே கால்மணி நேரம் பேசினார். இப்போது அந்தப் படத்தின் பின்னால், முத்திரைக்குக் கீழே, பென்சிலில் இப்படி எழுதியிருக்கிறேன்: '1965இல் எடுத்தது, இது பின்னாளைய பிரதி. புடவை நாத்தனாரிடம் இரவல் வாங்கியது. கடிகாரம் ஸ்டூடியோவினுடையது. பெரியம்மா சொல்லக் கேட்டு எழுதியது.'